வேலைக்கு நடுவிலும் வீட்டுப்பாடம்: ஆறு எளிய படிகள்

அல்லிநகரத்தில் எந்த வீட்டில் நேரம் இருக்கிறது? ஒருவருக்கு மில்லில் ஷிப்ட், ஒருவருக்கு வாரச்சந்தையில் கடை, இன்னொருவருக்குப் போடியில் ஏலக்காய் ஏலம். ஆனாலும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைக் கவனித்தாக வேண்டும். கவலையை விடுங்கள். நீங்கள் செய்துகொண்டிருப்பதுதான், முறையாகச் செய்யக் கற்றுத்தருகிறேன்.

1. டைரியைப் படிக்காதீர்கள். கையெழுத்து மட்டும் போடுங்கள். ஞாயிறு இரவே அந்த வாரம் முழுமைக்கும் போட்டுவிட்டால் வெள்ளிக்கிழமை வரை நிம்மதி.

2. வகுப்பு வாட்ஸ்அப் குழுவை மியூட்டில் போடுங்கள். இரவு பத்து மணிக்குத் திறங்கள். ‘குட் மார்னிங்’ ரோஜாக்களுக்கும் ‘ஓகே மிஸ்’களுக்கும் அடியில் மிஸ் அனுப்பியது எங்கோ இருக்கும். தேடாதீர்கள். “நாளைக்கு என்ன ஹோம் வொர்க்?” என்று போடுங்கள். “எனக்கும் சொல்லுங்க” என்று நாலு பேர் வருவார்கள். தனியாக இல்லை என்ற தெம்பு கிடைக்கும்.

3. பிராஜெக்ட் என்றால் முந்தின இரவுவரை பொறுங்கள். முல்லைப் பெரியாறு அணை மாதிரியா? நேரு சிலைப் பக்கம் பாதி ஷட்டர் இறக்கிய கடையில் குனிந்து, “அண்ணே, ஒரே ஒரு தெர்மாகோல்ணே” என்று கெஞ்சுங்கள். தெர்மாகோலை நம்புங்கள். 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அமைச்சர் செல்லூர் ராஜு மிதக்கவிட்டதும் அதைத்தான். காற்று அதைக் கரையில் ஒதுக்கியது வேறு விஷயம். நீங்கள் பைக்கில் கொண்டுபோகும்போது இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

4. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு நீங்களே செய்யுங்கள். அசல் அணையைக் கட்டிய பென்னி குயிக்குக்கு 1887 முதல் 1895 வரை ஆனது. உங்களுக்கு ஓர் இரவு. காயாத பசையை ஃபேனுக்கு அடியில் வையுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சந்தேகம் வந்தால் கேரளப் பக்கமே நீலம் அடித்துவிடுங்கள். சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது என்று பிள்ளைக்குத் தெரியும். அதற்காக எழுப்பவா முடியும்?

5. விதிகளைக் கண்டுகொள்ளாதீர்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018-இல் சொன்னது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது மத்திய அரசின் 2020 புத்தகப்பைக் கொள்கை. நீங்கள் “ஹோம் வொர்க் தராத ஸ்கூலெல்லாம் ஒரு ஸ்கூலா?” என்று கேட்டுவிட்டு டியூஷனிலும் சேர்த்துவிடுங்கள். இனி எழுதாமல் போனால் பள்ளிக்கு டியூஷனைக் காட்டலாம், டியூஷனுக்குப் பள்ளியைக் காட்டலாம்.

6. விசாரணையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வேன்காரர் ஹாரன் அடிக்க, ஒரு கால் ஷூவோடு பிள்ளை நிற்கும். அப்போது கேளுங்கள்: “நேத்து எல்லாம் முடிச்சியா?” வாயைத் திறப்பதற்குள் பையை மாட்டி அனுப்பிவிடுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னைக்கு என்னடா குடுத்தாங்க?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவான். அப்புறம் மேற்படி ஆறுக்கும் வேலை இருக்காது.