உப்புக் காற்றைக் கண்டுபிடித்த உத்தமருக்கு

மேன்மைதங்கிய மோட்டார் சைக்கிள் கம்பனியின் உத்தரவாதப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

மன்னார்த் தீவு, பேசாலையிலிருந்து தாழ்மையுடன் எழுதிக்கொள்வது.

தங்கள் திருக்கடிதம் நேற்றுக் கைக்குக் கிடைத்தது. சிங்களத்தில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். பைக்கை விற்கும்போது தந்த வர்ணத் துண்டுப்பிரசுரம் மட்டும் நல்ல தமிழில் இருந்ததாக ஞாபகம். அது கிடக்கட்டும். கிராங்க் பழுதானதற்குக் காரணம் கடலோர உப்புக் காற்றும் பாவனையாளரின் கவனயீனமும்தான், ஆகவே உத்தரவாதம் பொருந்தாது என்று அருளியிருக்கிறீர்கள். எஞ்சினில் ஒரு பொல்டைக்கூடக் கழற்றாமல், கொழும்பில் இருந்தபடியே, வட்ஸ்அப்பில் போன ஒரு படத்தைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்த தங்கள் ஞானதிருஷ்டியை எப்படிப் புகழ்வது? எங்கள் ஊரில் கழுதைக்குக் கால் நொண்டினால் கொண்டுபோய்க் காட்ட ஒரு மருத்துவ நிலையம் இருக்கிறது. அங்கே கழுதையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் வியாதியைச் சொல்வார்கள். பாவம், விஞ்ஞானம் வளராத இடம்.

பட்டா லொறியில் பைக்கை ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போன அன்று தங்கள் முகவர் நிலையத்தில் எனக்குக் கிடைத்த வரவேற்பையும் சொல்லத்தான் வேண்டும். கவுண்டரில் இருந்த தம்பி இலக்கத் தகட்டைப் பார்க்கவில்லை, ஒயிலைப் பார்க்கவில்லை. என் விலாசத்தைப் பார்த்தார். "மன்னாரோ? அங்கத்த ஆக்கள் கடல் தண்ணியிலதானே பைக் கழுவுறனீங்கள்" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு பரிசோதனைக் கட்டணம் என்று ஒரு பற்றுச்சீட்டு வெட்டித் தந்தார். எதைப் பரிசோதித்ததற்கு என்று கேட்கத் துணிவு வரவில்லை. என்னைப் பரிசோதித்ததற்காக இருக்கலாம்.

ஐயா, உப்புக் காற்று எங்களுக்குத் தெரியாத விருந்தாளி அல்ல. கரையில் மீன்பெட்டி ஏற்றும் பைக்கின் செயின் துருப்பிடிக்கும், ஸ்போக் உதிரும், சைலன்சர் ஓட்டையாகும். ஒப்புக்கொள்கிறோம். துரு வெளியில் தொடங்கி உள்ளே போகும் சாமான். என் பைக்கின் சைலன்சர் இன்றைக்கும் முகம் பார்க்கும் பளபளப்பில் இருக்கிறது. வெளியில் எதையும் தொடாமல், மூடிக் கட்டிய எஞ்சினுக்குள் நேரே இறங்கி, ஒயிலில் குளித்துக்கொண்டிருக்கும் கிராங்கை மட்டும் தேடிப் பிடித்துக் கடித்த அந்த உப்புக் காற்று எந்தத் திசையால் வந்தது என்று வளிமண்டலவியல் திணைக்களத்துக்காவது அறிவியுங்கள்.

அதே காற்றில்தான் 2020 கடைசியில் திறந்துவைத்த தம்பபவனி காற்றாலைகள் 30 நிற்கின்றன. அவற்றுக்குள்ளும் பெயரிங் இருக்கிறது. எங்கள் மீனவர்களின் படகு மெஷினோ கடல் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்த்திக்கொண்டு ஓடுகிறது, அதற்குள்ளும் கிராங்க்தான். பெரிய கழுதைக் கூட்டம் ஒன்று பரம்பரை பரம்பரையாக இந்தக் காற்றைத்தான் குடிக்கிறது. ஒன்றுக்காவது கிராங்க் போனதாக வரலாறு இல்லை.

இனி நோயாளியைத் திறந்த கதை. அதற்கு முன் திறந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவைத் திறந்தார்கள். இடையில் 2022 இல் கியூ.ஆர். காட்டி வாரம் 4 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். அந்த வருடங்களில் புதுப் பைக்கும் இல்லை, பாதிச் சாமான்களும் இல்லை. இருந்ததைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியே எங்கள் கராஜ்காரர்கள் பேராசிரியர்கள் ஆகிவிட்டார்கள். தங்களுக்கு இது தெரிய நியாயமில்லை. தாங்கள் திறப்பதே இல்லையே.

எங்கள் கராஜ் பாஸ் முதலில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே விடவில்லை. ஒயிலை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றினார். துணியில் மினுமினுவென்று இரும்புப் பொடி. ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றினார். பிஸ்டனில் கீறல் இல்லை. பிறகு கொன்ரொட்டை இரண்டு விரலால் பிடித்து மேலே இழுத்துக் கீழே அமுக்கினார். டக். திரும்பவும் டக். "பக்கவாட்டில கொஞ்சம் ஆடலாம் அண்ணை, அது கணக்கு. மேலும் கீழும் ஒரு மயிரிழைகூட ஆடப்படாது" என்றார். எஞ்சினைப் பிளந்து கிராங்கை வெளியே எடுத்து, லேத் பட்டறைப் பிரெஸ்ஸில் வைத்துப் பின்னைத் தள்ளியபோது, பெயரிங்கின் கூடு துண்டு துண்டாய் விழுந்தது. கொன்ரொட்டின் அடிக்கண் நீலம் பாரித்திருந்தது. உப்பு தின்றிருந்தால் உருளைகளில் பழுப்புத் துருவும் குழியும் இருக்கும். நீலம் என்றால் சூடு. ஒயில் போய்ச் சேராத சூடு.

ஏன் சேரவில்லை? வலப்பக்கக் கவரில் ஒயில் கிராங்குக்குப் போகிற சின்னத் துவாரத்துக்குள் பாஸ் ஒரு கம்பியை விட்டார். ரப்பர் போல ஒரு சாம்பல் நிறத் துண்டு வெளியே வந்தது. சிலிக்கோன். கேஸ்கெட்டுக்குப் பூசும் அதே பசை. அந்தக் கவரை இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கழற்றியிருக்கிறார்கள். தங்கள் முகவர் நிலையத்தில், இலவசச் சேர்விஸில், கிளச் பார்க்கிறோம் என்று சொல்லி. கழற்றியவர் பழைய கேஸ்கெட்டையே வைத்து, அள்ளிப் பூசி, இறுக்கிவிட்டார். பிதுங்கியது உள்ளே போனது.

பாதி வழியில், பஸ் ஓடுகிற றோட்டில், அந்தக் கிராங்க் இறுகிப் பின்சில்லு பூட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். என் மனைவிக்கு நீங்கள் எழுதியிருப்பீர்கள், அதுவும் சிங்களத்தில். உங்கள் கையால் செய்த பிழையை என் ஊரின் மேல், என் கடலின் மேல், நான் பைக் கழுவிய தண்ணீரின் மேல் போட்டீர்கள். திறந்து பார்க்கச் சோம்பல்; பழி போட மட்டும் ஒரு கடிதத் தாள். மன்னாரில் பைக் விற்கும்போது இது தீவு என்று தெரியாதா? காசை எண்ணும்போது அதில் உப்பு ஒட்டியிருக்கவில்லையா?

மன்னிக்க வேண்டும். மேன்மைதங்கியவருடன் குரலை உயர்த்திவிட்டேன். கழுதைகளோடு வாழ்ந்த பழக்கம், உதையும் தொற்றிக்கொள்கிறது.

வைத்தியம் எப்படி முடிந்தது என்பதையும் கேட்டருளுங்கள். புதுக் கொன்ரொட் கிட் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது. கொன்ரொட், பின், பெயரிங் மூன்றையும் மாற்றி, கிராங்கின் இரண்டு பாதிகளையும் திரும்ப அமுக்கி, 'வீ' பிளொக்கில் வைத்துச் சுழற்றினார்கள். டயல் கேஜின் முள் 0.1 மில்லிமீற்றரைத் தாண்டி ஆடினால் அந்தக் கிராங்க் உதவாது. முதலில் தாண்டித்தான் ஆடியது. செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு, ஒரு சுற்று, இன்னொரு தட்டு. முள் அடங்கும் வரைக்கும் பட்டறையில் யாரும் வாய் திறக்கவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். அந்தப் பட்டறையின் ஒயில் வாசனையை ஒரு தடவையாவது தாங்கள் வந்து முகர்ந்து பார்க்கலாம். அதற்குப் பரிசோதனைக் கட்டணம் அறவிட மாட்டோம்.

இப்போது பைக் ஓடுகிறது. தலைமன்னார் வரை போய் வந்தேன், சத்தம் இல்லை. தங்கள் இரண்டு வருட உத்தரவாதம்தான் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகி, கட்டெறும்பும் கடைசியில் உப்புக் காற்றில் போய்விட்டது. அடுத்த முறை தாங்கள் பைக்குக்குப் பதிலாக ஒரு கழுதையையே விற்கலாம் என்பது என் பணிவான ஆலோசனை. இலவசச் சேர்விஸ் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

கேட்பது அதிகமில்லை. கொன்ரொட் கிட்டின் விலை, பட்டறைக் கூலி, பட்டா வாடகை, பரிசோதனைக் கட்டணம். நான்குக்கும் பற்றுச்சீட்டு இணைத்திருக்கிறேன். நீலம் பாரித்த கொன்ரொட்டும் சிலிக்கோன் துண்டும் ஒரு ஜாம் போத்தலில் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பார்க்க விரும்பினால் ஆள் அனுப்புங்கள், படம் அனுப்ப மாட்டேன். கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாக நடக்கும் வியாபாரி மீது முறையிட 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. இக்கடிதத்தின் பிரதி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் போகிறது.

இப்படிக்கு,
கவனயீனமான பாவனையாளர்,
பேசாலை.