தொடங்கும்போதே உறைதல்: புக்கிட் ரம்பாய் மருத்துவ மரபுகள் மூன்று

மேசைக் கணினி தொடங்கும்போதே பாதி வழியில் நின்றுவிடுவதை இயந்திரக் கோளாறு என்றே அறிஞர் உலகம் இதுவரை நம்பி வந்துள்ளது. இந்நம்பிக்கைக்கு ஆதாரம் போதாது. மலாக்காவின் புக்கிட் ரம்பாயிலும் செங், சுங்கை ஊடாங் பக்கங்களிலும், தோட்ட லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் அது முதலாவதாக ஓர் உறவுமுறை நிகழ்ச்சி. பெட்டி நின்றதும் மாமா வருகிறார். மாமாவுக்கு அடங்காதபோது அக்காள் மகன் வரவழைக்கப்படுகிறான். அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி ஏடுகள் வாய் திறப்பதில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

கணினி வீட்டுக்குள் வந்த வரலாறு சுருக்கமானது. 2000ஆம் ஆண்டை ஒட்டி, ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்க அனுமதி இருந்தது. கடைசிக் காலத்துக்கென்று சேர்த்த காசில் வந்த பொருளுக்குக் கூடத்தில் மரியாதையான இடம் கிடைத்தது: சாமி மேடைக்குப் பக்கத்தில், பின்னல் துணி போர்த்தி. ஊதுவத்திச் சாம்பலும் சாம்பிராணிப் புகையும் காற்றாடி வழியே உள்ளே போய்ப் படிந்ததை யாரும் தீங்கென்று கருதவில்லை.

இனி மரபுகள். மூத்தது மாமா மரபு. அதன் ஒரே சிகிச்சை அடைத்துத் திறத்தல். சுவிட்சை அடைப்பது, மனத்துக்குள் பத்து எண்ணுவது, திறப்பது. இதன் நூற்பொருள் பின்வரும் உரையாடலில் முழுமையாக அடங்கும்:

“என்னா மாமா, மறுபடி நின்னுருச்சா?”

“நின்னுருச்சுடா. இன்னொரு தடவ அடைச்சுத் தொறந்தா வந்துரும்.”

“பெட்டியத் தொறந்து பாக்கட்டுமா?”

“கைய வைக்காத, வாரண்டி போயிரும்.”

வாரண்டி போய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன என்பது ஆய்வுக்கு வெளியே உள்ள செய்தி. மாமா மரபை மூடநம்பிக்கை என்று தள்ளுவோர் அவசரப்படுகிறார்கள். 2000க்குப் பிந்திய சில ஆண்டுகளில் விற்ற தாய்ப்பலகைகள் பலவற்றில் மட்டமான மின்தேக்கிகள் இருந்தன. காலப்போக்கில் அவற்றின் தலை உப்பிவிடும். உப்பிய மின்தேக்கி குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தைச் சீராகக் கொடுக்காது. திரும்பத் திரும்ப அடைத்துத் திறந்தால் சற்றுச் சூடேறி, ஒரு கட்டத்தில் பெட்டி எழுந்துகொள்ளும். மாமா இதைக் கைராசி என்று கொள்கிறார். உலகமும் அவர் பக்கமே சாய்கிறது. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான கோப்பு ஒன்றால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. தன் மேகக் கணினிகளை வைத்திருந்தவர்களுக்கு மைக்ரோசாப்ட் சொன்ன யோசனைகளுள் ஒன்று, பதினைந்து முறைவரை மறுதொடக்கம் செய்து பாருங்கள் என்பது. மாமாவே பதினைந்துக்குப் போனதில்லை.

ஆனால் வன்தட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைப் பிடுங்கினால் கோப்புகள் சிதையும். நிற்காத கணினியையும் நிற்கப் பழக்கும் வல்லமை இம்மரபுக்கு உண்டு.

இரண்டாவது, அக்காள் மகன் மரபு. இவன் கேட்கும் முதல் கேள்வி, “எங்க நின்னுச்சு?” கேள்வி சரியானது. காற்றாடி சுற்றியும் திரை கறுப்பாகவே இருந்தால் மின்வழங்கியையோ ரேம் பட்டையையோ சந்தேகிக்க வேண்டும். சில பலகைகள் ஒரு நெடும் ஒலி, இரு குறும் ஒலி என்று கூவித் திரை அட்டையைக் காட்டிக்கொடுக்கும். தயாரித்தவரின் சின்னத்தோடு நின்றால் பென்டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். தேதி பழைய ஆண்டுக்கு ஓடியிருந்தால் பலகையில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. விண்டோஸ் சின்னத்துக்குப் பிறகு நின்றால் டிரைவரோ வன்தட்டோ காரணம். பழைய விண்டோஸில் எஃப்8 விசையைத் தட்டிப் பாதுகாப்பு முறைக்குள் நுழையலாம். கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறிய பின் நின்றால் மேற்படி சாம்பிராணி.

இவ்வளவும் தெரிந்த அக்காள் மகன் செய்வதோ, எது எங்கே நின்றாலும், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது. கல்யாணப் படங்கள் அதில் போகும். ஆகவே இம்மரபை நாம் முழுமனத்தோடு பரிந்துரைக்க இயலாது.

மூன்றாவது மரபை முந்தைய ஆய்வாளர்கள் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் அது அடுப்படியில் இருந்தது. மலாக்காவில் சீமென்ஸ் 1973இல் தொடங்கிய சில்லுத் தொழிற்சாலை இன்று இன்ஃபினியன் என்ற பெயரில் பத்து பெரண்டாமில் இயங்குகிறது. தோட்டத்துப் பெண்கள் பலர் பால்மரத்தை விட்டு இப்படிப்பட்ட மின்னணு ஆலைகளுக்கு பஸ் ஏறிப் போனார்கள். நம் அத்தையும் அப்படி ஓர் ஆலையில் ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுண்ணோக்கி வழியே சில்லுக் கால்களைப் பார்த்த கண். கூடத்தில் இரு மரபுகளும் மோதிக்கொண்டிருந்தபோது அவர் கரண்டியோடு வந்து முதலில் சொன்னது இது:

“கையில வயர் கட்டாம அதத் தொடாதடா. உன் ஒடம்புல உள்ள கரண்டே அதக் கொன்னுரும்.”

ஆலையில் மணிக்கட்டில் நிலத்தொடர்புப் பட்டை கட்டாமல் யாரும் சில்லைத் தொட முடியாது. வீட்டில் பட்டைக்குப் பதில், பிளக்கைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டுக்கொள்ளலாம். பிறகு ரேம் பட்டையைக் கழற்றச் சொன்னார். மலாக்காவின் ஈரக்காற்றில் அதன் தொடுமுனைகளில் படலம் படியும். மின்சாரம் அங்கே தடுமாறும். பேத்தியின் பென்சில் பெட்டியிலிருந்து அழிப்பான் வந்தது. முனைகளை மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டி, இரு பக்கக் கொக்கியும் சொடுக்கும்வரை அழுத்திப் பொருத்தினான் அக்காள் மகன். பொன்முலாம் மெலிது என்பதால் அழுத்தித் தேய்த்தபோது ஒரு திட்டு விழுந்தது. அதையும் முறைநூலின் பகுதியாகவே கொள்ளலாம்.

பெட்டி எழுந்துகொண்டது. அக்காள் மகன் கை கழுவி வருவதற்குள் குடும்பப் புலனக் குழுவில் மாமாவின் செய்தி ஏறிவிட்டது: “கணினி சரியாயிருச்சு. கடைசியா ஒரு தடவ அடைச்சுத் தொறந்தேன்.” அதற்கு முதல் கட்டைவிரலைப் போட்டவர் அத்தை.