கட்டத்துக்குள் பரி: நாஞ்சில் நாட்டுக் குறுக்கெழுத்தில் குதிரையினம் குறித்து ஓர் ஆய்வு

நாஞ்சில் நாட்டுத் தெருவில் குதிரையைக் காண்பது அபூர்வம். குறுக்கெழுத்துக் கட்டத்திலோ வாரம் ஒன்றாவது கட்டிக் கிடக்கும். நிறம் பார்த்தும் சுழி பார்த்தும் குதிரையை வகைப்படுத்திய அசுவ சாத்திரக்காரர்கள் எழுத்தெண்ணிப் பார்க்க மறந்துவிட்டார்கள். அக்குறையை இக்கட்டுரை போக்கும்.

ஓரெழுத்துக் குதிரை மா. ஒற்றைக் கட்டத்துக்கு யாரும் குறிப்பு எழுதுவதில்லையாதலால் அது லாயத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. ஈரெழுத்தில் பரி, வாசி. மூன்றில்தான் நெரிசல்: குதிரை, புரவி, இவுளி. போதாக்குறைக்குச் சோழன் குதிரைக்குக் கோரம் என்று பெயரிட்டு அதையும் நிகண்டுக்காரர்கள் இதே கொட்டிலில் கட்டிவிட்டார்கள். சேரனின் பாடலத்துக்கு எழுத்து நான்கு, பாண்டியனின் கனவட்டத்துக்கு ஆறு. இருவருக்கும் நடுவே இழுபட்ட நாஞ்சில் நாட்டுக்குச் சராசரி ஐந்து. குறுநில மன்னர் குதிரையான கந்துகத்துக்கும் எழுத்து ஐந்துதான். நாஞ்சில் வள்ளுவன் குறுநில மன்னன். இதற்குமேல் சான்று கேட்பவர் ஆய்வுலகுக்கு லாயக்கற்றவர்.

‘ஆண் குதிரை (3)’ என்ற குறிப்புக்குச் சேவல் என்று விடை வந்தால் கொதிக்க வேண்டாம். ஆண் குதிரையைச் சேவல் என்பதைத் தள்ளக்கூடாது என்று மரபியலில் தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார். ‘வீணையிலும் உண்டு, துப்பாக்கியிலும் உண்டு’ என்றால் சாட்சாத் குதிரையேதான்.

பரி மட்டும் நமக்கு அகராதிச் சொல் அல்ல. விஜயதசமியன்று குமரி பகவதி அம்மன் வெள்ளிக் குதிரையேறி மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போவாள். அது பாரிவேட்டை என்று வாதிடும் கட்சியும் உண்டு. பரியானாலும் பாரியானாலும் கட்டம் இரண்டுதான், நமக்கு நட்டமில்லை.

ஆனந்த விகடனில் பரிசுக் குறுக்கெழுத்து நடத்திய எஸ்.எஸ். வாசன் குதிரைப் பந்தயப் பிரியரும்கூட. பின்னாளில் சட்டம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தது. 1955இன் பரிசுப் போட்டிச் சட்டம் குறுக்கெழுத்தைப் பெயர் சொல்லிப் பிடித்து, மாதப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டாதபடி கடிவாளம் போட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் சூதல்ல, திறமை என்றது. கிண்டியில் ஓடிய குதிரைக்குக் கிடைத்த மரியாதை கட்டத்தில் நிற்கும் குதிரைக்குக் கிடைக்கவில்லை.

இனி, ஆய்வின் தீராத சிக்கல். ‘குதிரைத் தீனி (3)’. என் மாமா சற்றும் யோசிக்காமல் காணம் என்று எழுதினார், அதுவும் பேனாவால். நாங்கள் துவையல் அரைப்பது காணத்தில். கொள்ளு என்பது பத்திரிகைப் பாஷை. இரண்டுக்கும் எழுத்து மூன்றே என்பதுதான் வினை. அதே மூன்றாம் கட்டத்தில் முடியும்படி, மேலிருந்து கீழாக ‘கதவில் எழுதியிருக்கும் (3)’ என்றொரு குறிப்பு. ‘தள்ளு’ வர வேண்டிய இடத்தில் ம் வந்து குந்தியிருந்தது.

“கொள்ளுதான் மாமா சரி.”

“கொள்ளு வடக்க உள்ள குதிரைக்காக்கும். நம்ம குதிரை காணம்தான் திங்கும், மருமவனே.”

“அப்பம் இந்தக் கதவு?”

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அதை இழுத்துத் தொற.”