பழங்கார் மன்றங்களில் இருத்தல் ஒழுக்கம்: ஓர் ஆய்வு

பழங்கார் மன்றம் என்பது ஓடும் கார்களை உடையோர் கூடும் அமைப்பு என்றே பொதுவாகக் கருதப்பட்டு வருகிறது. தமிழ்நாட்டு நகரங்களில் ஞாயிறு விடியலில் நிகழும் இம்மன்றக் கூட்டங்களை நோக்கின், அக்கருத்து நிலைபெறாது என்பதும், ஓடாத கார்களே மன்றத்தைக் கலையாமல் காத்து நிற்கின்றன என்பதும் இக்கட்டுரையின் துணிபு. எல்லாக் கார்களும் முதல் முயற்சியிலேயே கிளம்பிவிடும் மன்றத்தில் உறுப்பினர் ஒருவரையொருவர் நாட வேண்டிய தேவை எழாமையின், அது விரைவில் பொங்கல் வாழ்த்து அனுப்பும் வாட்ஸாப் குழுவாகச் சுருங்கிவிடும்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்துக்குரியவை கருப்பொருள் என்றும், மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள் என்றும் தமிழ் இலக்கணம் வகுக்கும். மன்றத்துக்கு நிலம், கல்யாண மண்டபத்து வாசல். பொழுது, வெயில் ஏறுமுன். இப்பொழுது தேர்ந்துகொள்ளப்பட்டதற்குக் காரணம் விடியலின் அழகன்று, வேப்பர் லாக். அதாவது, இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாயிலும் பம்பிலும் ஆவியாகி, கார்புரேட்டரை எட்டாமல் நின்றுவிடும் நிலை. பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு அது குளிரும்வரை நிற்பதே இதற்குக் கைகண்ட மருந்து. ஆகவே கருப்பொருள்களுள் ஈரத்துணி முதலிடமும், டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டைத் தேய்க்கும் உப்புத்தாள் அடுத்த இடமும் பெறுகின்றன. உரிப்பொருளோ முல்லைக்குரிய இருத்தலே. முல்லையில் தேர் வரும் என்று தலைவி இருப்பாள். இங்கே தேர் கிளம்பும் என்று தலைவன் இருக்க, தலைவி அதற்குள் ஆட்டோ பிடித்து வீடு திரும்பியிருப்பாள்.

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகள் வகுக்கப்பட்டாலும், அதிகாரம் அவர்களிடம் இருப்பதில்லை. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்ட் காரின் பானெட், இரு பக்க மட்கார்டுகளும் சேர்ந்த ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும் அமைப்புடையது. இன்ஜினைச் சுற்றி நின்று எட்டுப் பேர் கருத்துச் சொல்ல இதனினும் வசதியான கார் இல்லை எனினும், சிறு மோதலும் காரின் முகம் முழுவதையும் கெடுத்துவிடும். ஆகவே எவர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு ஹெரால்ட் பானெட் கிடக்கிறதோ, அவரே மன்றத்தின் நிரந்தரத் தலைவர். அவர் தேர்தலில் நிற்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடரின் உரிமையாளருக்கு இந்த மதிப்பு வாய்ப்பதில்லை. உதிரிபாகம் எளிதில் கிடைத்துவிடுவதால் அவர் எவரையும் கெஞ்சுவதில்லை. கெஞ்சாதவரை மன்றம் நம்புவதும் இல்லை.

கொள்கைப் பிளவும் உண்டு. 1960களின் அம்பாசிடரில் 1990களில் வந்த இசுசு இன்ஜினைப் பொருத்தி, ஏசியும் வைத்துக்கொண்டவரைச் சேர்க்கலாமா என்னும் வழக்கு, வடகலை தென்கலை வழக்கைப்போல் முடிவின்றி நீளும். அவர் எங்கும் நிற்க நேராமையின் இருத்தல் ஒழுக்கத்துக்குப் புறம்பானவர் என்பதே கொள்கையளவில் சரி. ஆயினும் ஏனைய கார்களைக் கயிறு கட்டி இழுத்துவர அவருடைய கார் ஒன்றே ஆகும் என்பதால், அவரைக் கௌரவ உறுப்பினராக வைத்துக்கொள்வதே நடைமுறை.

2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து அசல் வடிவம் மாறாதிருக்கும் கார்களை விண்டேஜ் என வகைப்படுத்தி, ‘விஏ’ என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண்ணுக்கு வழி செய்தன. அவ்வாறு பதிவான காரை அன்றாடப் போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் ஓட்டலாகாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு, தொழில்நுட்ப ஆய்வு ஆகியவற்றுக்கு ஓட்டலாம். மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் குடும்பத்தோடு செல்வது இவற்றுள் எதில் அடங்கும் என்ற வினாவுக்கு, கார் வழியில் நின்றுவிட்டால் பராமரிப்பு, நில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டால் தொழில்நுட்ப ஆய்வு என்று கொள்வதே மன்ற மரபு.