சுத்தியல் இல்லாத கோர்ட்டு

மருமகனே, ஒன் நாவல வாசிச்சேன். அதாவது பேத்தி வாசிச்சா, நான் வெத்தில போட்டுக்கிட்டுக் கேட்டேன். கொட்டகலை லயத்துப் பொடியனுக்கு 16 வயசு, களவு வழக்கு, ஹட்டன் கோர்ட்டு. நீதவான் சுத்தியலால மேசையில தட்டுறாராம். இந்தப் பக்கத்துக் கோர்ட்டுல சுத்தியல எங்கடா பாத்த? நான் பாத்த சுத்தியலெல்லாம் லயத்துத் தகரத்துக்கு ஆணி அடிக்கத்தான்.

அவனோட 11 வயசுத் தம்பியையும் கூட்டுல ஏத்திட்ட. 12க்குக் கீழ உள்ள புள்ள மேல குத்தமே சாட்ட முடியாதுன்னு 2018லயே சட்டத்தத் திருத்தியாச்சு. அவன வீட்டுக்கு அனுப்பு, பாவம், பள்ளிக்கூடம் போகட்டும்.

பெரியவன் நாலு பக்கம் வசனம் பேசுறான். அந்தக் கடன பராசக்தியிலயே சிவாஜி தீத்துட்டாரு. நீ இதச் சொல்லு: பொலிஸ்ல இவன் தமிழ்ல சொன்னத சிங்களத்துல எழுதினது யாரு? எழுதினத வாசிச்சுக் காட்டினாங்களா, இல்ல கையெழுத்துக்கு மட்டும் பேனாவ நீட்டினாங்களா? தமிழும் அரச கரும மொழின்னு 1987ல சட்டம் வந்துச்சு. அது மலை ஏற இன்னும் பஸ் கெடைக்கல போல.

வால்டர் டீன் மையர்ஸ் 1999ல எழுதின ‘மான்ஸ்டர்’ நாவலப் பாத்துத்தான் ஒனக்கு இந்த ஆசையாம், பேத்தி சொன்னா. அதுல 16 வயசுப் பையன் தன் கொலை வழக்கையே சினிமாக் கதையா எழுதுறான். எழுதலாம்டா. அவன் நியூயோர்க்காரன், வழக்கு நடந்தது அவன் பேசுற பாஷையில.

நம்ம புள்ளைக்கு என்ன நடந்துச்சு? மூதூர் ரிசானா நபீக். இதுல எனக்கு நக்கல் வராது. பிறப்புச் சான்றிதழ்ல 1988, பாஸ்போர்ட்டுல 1982. அந்தப் பொய் வயசோட 2005ல சவூதிக்கு வீட்டுவேலைக்கு அனுப்பினாங்க. கைக்குழந்தை செத்துச்சு, கொலைன்னு புடிச்சாங்க. அப்ப அவளுக்கு 17. முதல் விசாரணையில வக்கீல் இல்ல. வாக்குமூலத்த மொழிபெயர்த்தவருக்குத் தமிழே சரியா வராதுன்னு பின்னால பேச்சு வந்துச்சு. 2013 ஜனவரி 9ல தலைய வெட்டினாங்க.

அதனால பெரியவன் பேசுற அந்த நாலு பக்கத்தையும் கிழிச்சிடு. அந்த எடத்துல, தவணை நாளுக்கு ஆத்தாக்காரி எத்தன மணிக்கு பஸ் ஏறினா, அன்னைக்குக் கணக்கப்பிள்ளை அவளுக்கு அரைநாள் பேராவது போட்டாரான்னு எழுது. தெரியலன்னா அவகிட்டப் போய்க் கேளு. கொழுந்து நிறுக்கிற நேரத்துல மட்டும் போயிராத, ஏச்சு வாங்குவ.