லேவியராகமத்தில் நின்ற தம்பி

பாளையங்கோட்டையில் ஏதாவது ஒரு சி.எஸ்.ஐ. கோவிலில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், நாற்காலி அடுக்குகிற பையன்களைக் கவனியுங்கள். அதில் ஒருவன் மைக் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பான். இவன்தான் நம் ஆள். பெயர் செல்வினாகவோ ஜெபசிங்காகவோ இருக்கும். பி.காம். இரண்டாம் ஆண்டு, இரண்டு அரியர், வாலிபர் சங்கத்தில் இணைச் செயலாளர். பதவி பெரிதுதான், வேலை நாற்காலி அடுக்குவது. இவனைப் பற்றிச் சபைப் பெரியவர்களுக்கு ஒரே ஆவலாதி: “பயலுக்குக் கோவில் பிடிச்சிருக்கு, பக்திதான் பத்தல.” பாட்டு, கேக், கேரல், அசனம் என்கிற கோவில் விருந்துச் சோறு எல்லாவற்றையும் கழித்தால் இவனிடம் தேறுகிற பக்தி எவ்வளவு என்பது அவர்கள் போடும் கணக்கு. கறியையும் எலும்பையும் எடுத்து வைத்துவிட்டு ஆடு எத்தனை கிலோ என்று கேட்கிற கணக்கு இது. இவன் வயதில் பக்தி தனியாக ஓர் இடத்தில் இருப்பதில்லை. பிடித்த காரியங்களுக்குள்தான் குடியிருக்கிறது.

பெரியவர்கள் கையில் ஆதாரம் இல்லாமல் இல்லை. முதல் ஆதாரம் இவனுடைய வேதபுத்தகம். 66 ஆகமங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் இவன் தொடங்குகிறான். ஆதியாகமம் கதை கதையாகப் பறக்கும். யாத்திராகமத்தின் பிற்பாதியில் ஆசரிப்புக் கூடாரத்தின் முழ அளவுகள் வந்ததும் வேகம் குறையும். ஜனவரிக் கடைசியில் லேவியராகமம். எந்தக் கொழுப்பை எரிப்பது, எந்தத் தோல் தடிப்புக்காரனை எத்தனை நாள் அடைத்து வைப்பது என்ற விவரங்களின் நடுவே ரிப்பன் அப்படியே நிற்கும், அடுத்த ஜனவரி வரை. இரண்டாம் ஆதாரம் சங்கீதம். வீட்டு ஜெபத்தில் ‘தம்பி, ஒரு சங்கீதம் வாசிங்க’ என்று ஐயர், அதாவது பாதிரியார், சொன்னால் தயங்காமல் 117ஐத் திருப்புவான். மொத்தமே இரண்டு வசனம். 119இல் 176 வசனம் என்பதும் இவனுக்குத் தெரியும். நூற்றைம்பது சங்கீதங்களின் நீள அகலம் தெரியாதவனால் இந்தத் தேர்வைச் செய்யவே முடியாது என்பதைப் பெரியவர்கள் ஏனோ கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்த குற்றச்சாட்டு, பிரசங்கத்தில் தூங்குகிறான் என்பது. தூங்குகிறான்தான். ஆனால் எந்த இரவுக்கு அடுத்த காலையில் என்று பார்க்க வேண்டாமா? டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கினால் ராத்திரி எட்டு மணிக்கு வேனில் ஏறுகிறவன் விடிகாலையில்தான் இறங்குவான். பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் எப்போதும் இவனுக்குத்தான், கூச்சமில்லாமல் ஆட வேறு ஆள் கிடையாது. வீட்டுக்கு வீடு கேக், அச்சுமுறுக்கு, சுக்குக்காப்பி. தாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத் தின்று, மறுபடி ஏற்றிக்கொண்டு ஆடி, இருபதாவது வீட்டுக்குப் போகும்போது பஞ்சில் பாதி கேக் துணுக்காக இருக்கும். அந்த வீட்டுப் பாட்டியம்மா படுத்த படுக்கையாக இருந்தால், ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டில் பக்கத்தில் நின்று மெதுவாக ஒரு கீர்த்தனை பாடச் சொல்வதும் இவன்தான். இப்படிப் பத்து ராத்திரி போனபின், கிறிஸ்மஸ் விடியற்கால ஆராதனையில் பிரசங்கத்தின் இரண்டாம் பாயிண்டில் கண் சொருகினால் அது மகா பாவமா? அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் ஐத்திகு என்றொரு வாலிபன் பவுலின் நீண்ட பிரசங்கத்தின்போது ஜன்னலில் தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து கீழே விழுந்தான். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார், திட்டியதாக எழுதியில்லை. பிரசங்கத்தைச் சுருக்கியதாகவும் எழுதியில்லை. மேலே போய் விடியும்வரை பேசினார். இரு தரப்புக்கும் அதில் பாடம் உண்டு.

பாட்டுக்காகத்தான் வருகிறான், கீபோர்டை எடுத்துவிட்டால் கோவில் பக்கமே வரமாட்டான் என்பது இன்னொரு வாதம். இதற்குப் பதில் சபையின் பாட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் என்ன செய்தார்? உலாப் போகும் தலைவனும், அவன்மேல் மையல் கொண்ட தலைவியும், கை பார்த்துக் குறி சொல்லும் குறத்தியும் வருகிற குறவஞ்சியை எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். குற்றாலக் குறவஞ்சி பிறந்த சீமைக்காரருக்கு ஜனங்களின் காது எதற்குத் திறக்கும் என்று தெரியாதா? பிடித்த மெட்டை வாசலில் விட்டுவிட்டு வா என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு இந்தத் தம்பி, ஆராதனைக்கு முன்னால் கீபோர்டில் ரஹ்மான் பாட்டு ஒன்றை இரண்டு வரி தட்டிப் பார்த்து, ஐயர் அங்கி மாட்டிக்கொண்டு வருவது தெரிந்ததும் அப்படியே பாமாலைப் பாட்டுக்கு வழுக்கி வருகிறான். இருநூறு வருடப் பழக்கம், லேசில் போகாது.

சோற்று வாதத்துக்கு வருவோம். அசனத்துக்கு வருகிறவன் ஆண்டவருக்காகவா வருகிறான் என்கிறார்கள். அசனப் பந்தியில் வாளி தூக்குகிறவன் எப்போது சாப்பிடுகிறான் என்று விசாரித்துப் பாருங்கள். கடைசிப் பந்தியில்! அதற்குள் கறி தீர்ந்து, அண்டாவில் குழம்பும் இரண்டு எலும்பும்தான் மிஞ்சியிருக்கும். கறிக்காக வருகிறவன் முதல் பந்தியில் உட்காருவான், வாளியைத் தொடமாட்டான். தவிர, இவன் நின்றுபோன அதே லேவியராகமத்தின் 7ஆம் அதிகாரம் என்ன சொல்கிறது? ஸ்தோத்திரபலியின் மாமிசத்தை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், விடியற்காலம்வரை மீதி வைக்கக் கூடாது. அசனக் கமிட்டி இன்றுவரை தவறாமல் கைக்கொள்ளும் கட்டளை இதுவாகத்தான் இருக்கும். பந்தியும் ஆராதனையும் வேறுவேறு என்று மோசேக்கே தோன்றவில்லை.

பரீட்சை பக்தி என்ற வாதமும் உண்டு. ஹால் டிக்கெட்டை வேதபுத்தகத்துக்குள் வைத்து ஜெபிக்கிறான்; டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, அதில் வரும் ஆசீர்வாதம் இரண்டு அரியரையும் சேர்த்துத்தான் என்று வியாக்கியானம் செய்கிறான். பேரம்தான், மறுக்கவில்லை. ஆனால் சோதோமுக்காக ஐம்பது நீதிமான்களில் ஆரம்பித்துப் பத்துவரை இறக்கிப் பேசியவர் ஆபிரகாம். சாப்பாடும் துணியும் தந்து பத்திரமாக வீடு சேர்த்தால் நீரே என் தெய்வம், தசமபாகமும் தருவேன் என்று பெத்தேலில் பொருத்தனை பண்ணியவர் யாக்கோபு. இரண்டும் ஆதியாகமம். தம்பி முழுசாக வாசித்த பகுதியிலிருந்து சரியானதைத்தான் கற்றிருக்கிறான்.

இதையெல்லாம் மீறி நிற்கிற ஆட்சேபணை ஒன்று உண்டு: பிடித்தது மாறிப்போனால் பக்தியும் போய்விடாதா? வேலை கிடைத்துப் பெங்களூர் போனால் கீபோர்டும் கிடையாது, அசனமும் கிடையாது. நியாயமான பயம்தான். அங்கே ஓட்டலில் பிரியாணி வந்ததும், நெற்றியைத் தடவுகிற சாக்கில் இரண்டு விநாடி கண்ணை மூடித் திறப்பதோடு சிலருக்கு எல்லாம் முடிந்துவிடுகிறது. ரூம்மேட் கடினமான கேள்வி கேட்டால், ‘ஐயர்ட்ட கேட்டுச் சொல்றேன்’ என்பதைத் தாண்டி இவனிடம் பதில் இல்லை. ஆனால் அது பாட்டின் குற்றமோ சோற்றின் குற்றமோ அல்ல. கோவிலில் இவ்வளவு நேரம் கிடந்தவனிடம் நாற்காலியை அடுக்கச் சொன்னார்களே தவிர, அதில் அரைமணி உட்காரவைத்து அவன் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். இவன் பிடிபட்டவன், தானாக வந்து நிற்கிறவன். பக்தி பத்தல என்று அடுத்த கமிட்டியில் பேசுவதானால், அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானத்தையும் போட்டுவிடட்டும்: வருகிற ஞாயிறு இவன் கோபித்துக்கொண்டு வராவிட்டால் மைக் செட்டைப் போடப்போகிற பக்திமான் யார்?