ஆப்பெழுத்து வாத்தியார்

1802. ஜெர்மனியின் கோட்டிங்கன் ஊரில் கியோர்க் பிரீட்ரிக் குரோட்டஃபெண்ட் என்றொரு பள்ளிக்கூட வாத்தியார். வயது 27, செருப்புத் தைப்பவர் மகன். கிரேக்கமும் லத்தீனும் தலைகீழ்ப் பாடம். பாரசீகமெல்லாம் அவர் துறையே அல்ல. அந்தத் தைரியத்தில்தான், பழைய பாரசீகத் தலைநகர் பெர்செபொலிஸின் கல்வெட்டைப் படித்துக் காட்டுகிறேன் என்று நூலக நண்பர் ஃபியொரில்லோவிடம் பந்தயம் கட்டினார். கதை சொல்பவர்கள் அவர் கையில் ஒரு கோப்பையையும் கொடுத்துவிடுகிறார்கள். நான் பிடுங்குவானேன்?

ஆப்பு ஆப்பாக அடித்துவைத்த எழுத்து அது. நீபூர் என்ற பயணி அதைக் கண் நோக நகலெடுத்து வந்திருந்தார். தொட்ட பண்டிதர்கள் பலர் ஆப்பசைத்த குரங்கானார்கள். வாத்தியாரோ எழுத்தை விட்டுவிட்டு ராஜாக்களின் புத்தியைப் பிடித்தார். ராஜா கல்லில் வேறென்ன வெட்டுவான்? ‘இன்னான், பெரிய ராஜா, ராஜாதிராஜா, இன்னான் மகன்.’ பிற்காலத்து சாசானிய மன்னர்களும் இதே பல்லவிதான் பாடினார்கள் என்று பிரெஞ்சுப் பண்டிதர் டி சாசி முன்பே படித்துச் சொல்லியிருந்தார்.

ஒரு கல்வெட்டில் மகன் ராஜா, அப்பனும் ராஜா. இன்னொன்றில் அந்த அப்பனுடைய அப்பனுக்கு மட்டும் பட்டத்தைக் காணோம். எந்தப் பாரசீக ராஜாக்கள் இவர்கள்? சைரஸும் காம்பைசஸுமா? இரண்டு பேருக்கும் முதலெழுத்து ஒன்று, கல்லில் அப்படியில்லை. அர்டாக்சர்க்சஸ் பெயர் ரயில் நீளம். மிச்சம் செர்க்சஸ், அவர் அப்பா டேரியஸ், தாத்தா ஹிஸ்டாஸ்பஸ். பட்டமில்லாத தாத்தா கையும் களவுமாகச் சிக்கினார்! பல எழுத்துகளை வாத்தியார் தப்பாகவும் படித்தார்தான். ஆனால் பூட்டு திறந்துவிட்டது.

கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் செப்டம்பர் 4 அன்று இதைப் பற்றி எடுத்துரைத்தார்கள். கேட்டுக்கொண்டார்கள், அச்சிடவில்லை. 1805-ல் வரலாற்றாசிரியர் ஹேரன் தன் புத்தகத்துக்குப் பின்னால் ஒட்டுத்திண்ணை போட்டு இடம் கொடுத்தார். மூலக் கட்டுரைகள் அச்சேறியது 1893-ல். வாத்தியார் 1853-லேயே போய்ச் சேர்ந்திருந்தார்.

இடையில் ஃபிராங்க்ஃபர்ட், லத்தீன் இலக்கணம், 1821 முதல் ஹானோவரில் தலைமையாசிரியர். அங்கேதான் 1836-ல் அவருக்கே ஆப்பு. பிரேமன்காரப் பையன் வாகன்ஃபெல்ட், தொலைந்துபோன ஃபினீசிய வரலாறு போர்ச்சுகல் மடமொன்றில் முழுசாகக் கிடைத்ததாகக் கதைவிட்டான். பெரியவர் மகிழ்ந்து முன்னுரையே எழுதிக் கொடுத்தார். ஏடும் பொய், மடமும் பொய். ஒரு பட்டம் விடுபட்டதை வைத்து ஈராயிரம் வருடத்துக்கு முந்தைய தாத்தாவைப் பிடித்தவர், அந்த மடம் எந்த ஊரில் இருக்கிறதென்று தேசப்படத்தை விரித்துப் பார்த்திருக்கலாம்.